ஒருநூல் பாயும் ஒரே ஓட்டையும்

காற்றின் மேல் கோபித்துக்கொண்டு, சாப்பாடு வேண்டாம் என்று குப்புறப் படுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பாகூரில், நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மனைவியோடு கோபித்துக்கொண்டு பட்டினி கிடப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. மனைவி வந்து ஒரு வார்த்தை சொன்னதும் எழுந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிடுவார்கள். காற்று யாரிடம் வந்து சமாதானம் பேசியிருக்கிறது?

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் 'ஒருநூல் பாய்'. தச்சர்களும் கொத்தனார்களும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள் இல்லையா, அந்த நூல். ஆணி வாங்கப் போனால், "ஒரு நூல் கம்மியா எடுத்துக்கினு போங்க சார், மரம் பொளக்காது" என்பார். கதவு சரியாகச் சாத்தவில்லை என்று புலம்பினால், பார்க்காமலே, "ஒரு நூல் எறங்கியிருக்கும்" என்பார். சாம்பாரில் உப்புகூட அவருக்கு ஒரு நூல்தான் தூக்கலாக இருக்கும்.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஏர்கன்னால். திருவிழாவில் பலூன் சுடுவோமே, அதே வகைதான். ஆனால் பாயுடையது கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளை. நீளமான குழல், மேலே குறி பார்க்க ஒரு தொலைநோக்கி. நடுவில் மடக்கி, ஈயக் குண்டு ஒன்றை உள்ளே வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். பலூன்காரர் பத்தடியில் பலூனைக் கட்டுகிறார். பாய் ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு சோடா மூடியைத் தொங்கவிடுவார். காக்கா குருவியைச் சுட மாட்டார். ஜீவகாருண்யம் என்று நினைத்து ஒரு நாள் பாராட்டினேன்.

"அது இல்ல சார்," என்றார். "குருவி நவுரும். தப்பிச்சின்னா, தப்பு எம்மேலயா குருவி மேலயான்னு எப்டி தெரியும்?"

ஐம்பது மீட்டரில் ஒரு தடவை அடிப்பதில் அவருக்கு மரியாதையே கிடையாது. "ஒரு தபா அடிக்கறது அதிர்ஷ்டம். அடிச்ச எடத்துலயே மறுபடி அடிக்கணும். அதுக்கு எல்லாமே ஒரே மாரி இருக்கணும் சார். துப்பாக்கி, குண்டு, மூச்சு, மனசு, தாடி."

தாடியா என்று கேட்டு மாட்டிக்கொண்டேன். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் வைக்க வேண்டுமாம். தாடி வளர்ந்தால் கன்னம் உயர்கிறது, கண் உயர்கிறது, குறி போச்சு. அதனால் சலூனுக்கு ஸ்கேலோடு போவார். ஒரு முறை சலூன்காரர் பண்டிகைக் கால உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாக ஒட்ட வெட்டிவிட்டார். தாடி பழைய உயரத்துக்கு வரும்வரை பாய் துப்பாக்கியைத் தொடவில்லை. வீட்டில் துக்கம் நடந்த மாதிரி கடையில் உட்கார்ந்திருந்தார்.

குண்டுகளை டப்பாவோடு வாங்கி, நகைக்கடையிலிருந்து இரவல் வாங்கிய தராசில் ஒவ்வொன்றாக நிறுப்பார். எடை ஒத்துப்போனவை மட்டும் சோப்புத் தண்ணீரில் குளித்து, அவர் மனைவி ஜமீலாவின் முறத்தில் வெயில் காயும். விருந்துக்கு வந்த அம்மா ஒருத்தர் அதை அள்ளி, "இன்னாடி ஜமீலா, மொளகு இவ்ளோ கனமா கீது?" என்று கேட்டுவிட்டு வாயில் போடப் போனார். பாய் பாய்ந்து தடுத்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற பதற்றம் என்று எல்லாரும் நெகிழ்ந்தார்கள். "கடிச்சிருந்தா எடை மாறியிருக்கும்" என்றார் பாய்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, சுட்ட பிறகு நடப்பது. குண்டு குழலை விட்டுப் போனதும் துப்பாக்கியை இறக்கக்கூடாதாம். "சுட்டப்பறமும் சுடாத மாரியே இருக்கணும் சார்." இது மெல்லமெல்லக் கடைக்கும் வந்துவிட்டது. பாக்கிச் சில்லறையைக் கையில் கொடுத்த பிறகும் நீட்டிய கை நீட்டியபடியே இருக்கும். போனில் "சரி, வச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு, காதிலிருந்து எடுக்காமல் நிற்பார். வில்லியனூரில் ஒரு கல்யாணத்தில் போட்டோ எடுத்து முடித்து, மாப்பிள்ளை பெண் எல்லாரும் பந்திக்குப் போன பிறகும் பாய் மேடையில் அதே சிரிப்போடு நின்றிருந்தார். ஜமீலா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

இவ்வளவுக்கும் அவர் எதையாவது அடித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஏரிக்கரையில் தனியாகத்தான் பயிற்சி. பக்கத்தில் யாரையும் விட மாட்டார். "ஆளு நின்னா காத்து வளையும் சார்" என்பார். என்னைப் போல ஒரு மெலிந்த பள்ளிக்கூட வாத்தியாரைச் சுற்றிக் காற்று எவ்வளவுதான் வளைந்துவிடும் என்று கேட்டேன். என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். நான் அப்புறம் போகவில்லை. அதனால் ஊரில் பாதிப்பேருக்கு, பாய் சுடுவதெல்லாம் சும்மா பந்தா என்ற எண்ணம்தான்.

ஜமீலாவுக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பச்சை சேலை விவகாரம் வரும்வரை.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு வேகம் என்று பார்க்க, சுடும் வழியெங்கும் மூங்கில் நட்டு உச்சியில் துணி நாடா கட்டுவது பாயின் வழக்கம். பழைய வேட்டி கனமாக இருக்கிறது, லேசான காற்றைச் சொல்ல மாட்டேன் என்கிறது என்று ஒரு நாள், பீரோவிலிருந்த புது ஜார்ஜெட் சேலையின் முந்தானையை நாடா நாடாவாகக் கிழித்துவிட்டார். ஜமீலாவின் தம்பி எடுத்துக்கொடுத்த சேலை. ஒரு தடவைகூடக் கட்டவில்லை.

அன்றைக்கு ஜமீலா போட்ட சத்தம் மாடியில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"காணும் பொங்கலுக்குத் துப்பாக்கிப் போட்டி வைக்கறாங்கல்ல, அதுல ஜெயிச்சி எவர்சில்வர் கொடத்தோட வூட்டுக்கு வாங்க. இல்லன்னா இந்தத் துப்பாக்கி திருக்கனூருக்குப் போவுது. எந்தம்பி பழைய இரும்புக் கடையில எடை போட்டுடுவான்."

"ஜமீலா, அது..."

"அங்கயும் தராசு இருக்குது. ஒரே மாரி நிறுப்பாங்க."

பாய் வாக்குக் கொடுத்துவிட்டார்.

போட்டியை நடத்தியது ஊர் இளைஞர் மன்றம். உறியடி, ஸ்லோ சைக்கிளோடு இந்த வருடம் ஏர்கன்னும் சேர்ந்திருந்தது. ஐம்பது மீட்டரில் ஒரு சோடா மூடி, ஆளுக்கு ஐந்து குண்டு. ஏரிக்கரையை ஒட்டிய களத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டி என்று அறிவித்தார்கள். பாய் மறுநாளே கடையைப் பாதியில் சாத்திவிட்டு, அதே களம், அதே நேரம், அதே தூரம் என்று பயிற்சியில் இறங்கினார். அந்த நேரத்தில் கடல் பக்கமிருந்து கிளம்பும் காற்று ஏரியைத் தாண்டி வந்து குண்டை ஒரு சாண் வலப்பக்கம் தள்ளியது. முதலில் கோபம் வந்தது. குப்புறப் படுத்தது அப்போதுதான். பிறகு எழுந்து, தொலைநோக்கியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, துப்பாக்கி ஒரு சாண் இடப்பக்கம் சுடும்படி செய்துவிட்டார். துப்பாக்கி இடப்பக்கம் சுட, காற்று வலப்பக்கம் தள்ள, குண்டு மூடியில் போய் உட்கார்ந்தது. பச்சை நாடாக்கள் எந்த அளவுக்குப் பறந்தால் சுட வேண்டும் என்றும் மனப்பாடம்.

"காத்த ஜெயிக்க முடியாது சார். பார்ட்னரா சேத்துக்கணும்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

காணும் பொங்கல் அன்று களத்தில் நல்ல கூட்டம். பின்னால் பெரிய வைக்கோல் போர். அதில் ஒரு மாம்பலகையைச் சாய்த்து, அதன் மேல் பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். குடத்தை உபயம் செய்த ரைஸ்மில் முதலாளியின் முகம் பேனர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. யார் செல்போனில் படம் எடுத்தாலும் அவர் முகம் விழ வேண்டும் என்று ஏற்பாடு. சோடா மூடி அவர் காதுக்கு நேர் முன்னால் கயிற்றில் தொங்கியது. நிஜ முதலாளி மேடையில், குடத்துக்குப் பக்கத்தில்.

நாடித் துடிப்பு ஏறக்கூடாது என்று பாய் தலையைக் குனிந்தபடி, மணப்பெண் மாதிரி வந்தார். கையைப் பிடித்து அழைத்துவந்தது நான்தான். பேசக்கூடாது, தும்மக்கூடாது என்று எனக்கு உத்தரவு. களத்துக்குள் நுழைந்ததும் நான் திடுக்கிட்டேன். சுடும் வழியின் இரண்டு பக்கமும், ஆள் உயரத்துக்குமேல், நீல நிறத் தார்ப்பாய் கட்டிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். மன்றச் செயலாளர் குமார் ஓடிவந்து என் காதில் கிசுகிசுத்தான்.

"பாய் ஒரு மாசமா காத்து காத்துன்னு பொலம்பிக்கினே இருந்தாரு சார். பாவமா இருந்துச்சி. மில்லுலேர்ந்து தார்ப்பாய் வாங்கியாந்து அடச்சிட்டோம். இப்ப பொட்டுக் காத்து வராது."

இப்படி ஒரு நல்ல மனசை நான் எங்கே போய்த் திட்டுவது! பாயின் தோளைத் தொட்டு வாயைத் திறந்தேன். அவர் நிமிராமலே ஒரு விரலை உயர்த்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

அவருக்கு முன்னால் சுட்டவர்கள் வைக்கோலைத் தவிர வேறெதற்கும் தீங்கு செய்யவில்லை. ஆட்டோ ஓட்டும் முருகையன் மட்டும், குறி பார்த்துக்கொண்டிருந்தபோது தும்மல் வந்து, தும்மலோடு விசையையும் அழுத்திவிட்டார். மூடி 'டிங்' என்றது. அவரே பயந்துபோனார்.

கடைசியாகப் பாய் உட்கார்ந்தார். கன்னத்தை வைத்தார். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி மூங்கில் உச்சியைப் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தால் கன்னம் நகர்ந்துவிடுமாம். தார்ப்பாயைவிட உயரமான மூங்கில்கள். உச்சியில் பச்சை நாடாக்கள், அவர் மனப்பாடம் செய்திருந்த அதே அளவில், படபடவென்று பறந்துகொண்டிருந்தன. கீழே குண்டு போகும் வழியில் ஒரு காய்ந்த இலைகூட அசையவில்லை.

டப். மூடி ஆடவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அடுத்ததைக் கொஞ்சம் தள்ளிச் சுட்டிருப்பார்கள். பாய் அந்த ஜாதி இல்லை. ஒரு குண்டைப் பார்த்து எதையும் மாற்றக்கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. அதே மூச்சு, அதே கன்னம். டப். டப். டப். ஐந்தாவதும் முடிந்தது. மூடி தியானத்தில் இருந்தது.

கூட்டத்தில் யாரோ, "பாயி, பலூன் வேணுமா?" என்று கத்த, ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு சட்டென்று அடங்கியது. எல்லாரும் பேனரைப் பார்த்தார்கள். மூடிக்கு ஒரு சாண் இடப்பக்கம், முதலாளியின் மூக்கு நுனியில் ஓர் ஓட்டை.

முதலாளி மேடையிலிருந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேனர்வரை நடந்தார். தன் மூக்கில் தானே சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. பாய் மட்டும் துப்பாக்கியை இறக்காமல், இன்னும் சுடாத மாதிரியே இருந்தார்.

"எத்தினி குண்டுடா சுட்டாரு?"

"அஞ்சிண்ணே."

"ஒரு ஓட்டதான கீது. மீதி நாலு எங்க?"

பேனரை அவிழ்த்தார்கள். பின்னாலிருந்த மாம்பலகையில், ஒரு சட்டைப் பொத்தான் அகலத்துக்குள், ஐந்து ஈயக் குண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. கூட்டம் முண்டியடித்தது. நான் இப்போதாவது வாயைத் திறக்கலாம் என்று தார்ப்பாய் விஷயத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். குமார் தலையில் அடித்துக்கொண்டான். முதலாளி பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஊர்ல எம்மேல கோவம் இருக்கறவன் நெறைய பேரு கீறான்பா. எவனுக்கும் இவ்ளோ குறி கெடையாது. அந்தக் கொடத்த பாய்கிட்ட குடுங்க."

பாய் அப்போதுதான் துப்பாக்கியை இறக்கினார்.

"வேணாங்க. மூடி ஆடல. முருகையனுக்கு ஆடிச்சி. கொடம் அவருக்குத்தான்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. முருகையன் கூச்சத்தோடு குடத்தை வாங்கிக்கொண்டார். பெண்கள் பக்கமிருந்து ஜமீலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பலகைக்கு முன்னால் நின்று, அந்த ஐந்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இத்தினி வருசமா இதத்தான் பண்ணிக்கினு இருந்தீங்களா?"

"ஆமா."

"ஒரு நாளாச்சும் என்ன இட்டுக்கினு போயி காட்டியிருக்கக் கூடாதா?"

பாய் தரையைப் பார்த்தார். "நீ வந்து நின்னா கை நடுங்கும் ஜமீலா. அதான்."

காற்று வளையும் கதை ஊருக்குச் சொன்னது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜமீலாவின் முகம் சிவந்தது. சுற்றிலும் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முருகையனின் ஆட்டோவில்தான் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குடம் அவர் பக்கத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஏறுவதற்கு முன்னால் பாய், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் முகத்தோடு, துப்பாக்கியை இரண்டு கையாலும் ஜமீலாவிடம் நீட்டினார்.

"சொன்னது சொன்னதுதான். ஒந்தம்பிக்கு போன் போடு."

ஜமீலா வாங்கிக்கொண்டார். முந்தானையால் குழலில் ஒட்டியிருந்த களத்துத் தூசியை மெதுவாகத் துடைத்தார். ஆட்டோவில் ஏறி, கைக்குழந்தையைப் போல மடியில் கிடத்திக்கொண்டார்.

"வூட்டுக்குப் போயி மொதல்ல இதுக்கு எண்ண போடுங்க. எவ்ளோ தூசி பாருங்க. இத்தப் போயி எவனாச்சும் இரும்புக்குப் போடுவானா?"

பாய் ஏறி உட்கார்ந்தார். துப்பாக்கி கிடந்த நீளத்தில் எனக்கு இடமில்லை. நடந்தே வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, வழியெல்லாம் எனக்குத்தான் குடம் கிடைத்த மாதிரி இருந்தது.