வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள், அக்கா

மதிப்பும் பாசமும் நிறைந்த இன்ஸாஃப் அக்காவுக்கு, இர்பிதிலிருந்து தம்பி நாயிஃப் ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அகபாவில் நீங்களும் மச்சானும் பையன்கள் ஆறு பேரும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னீர்கள் அல்லவா, தயவுசெய்து சனிக்கிழமை வாருங்கள்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். என் மகள், உங்கள் மருமகள் ரனீம் பள்ளிக்கூடத்தில் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறாள், தலைவியும் அவள்தான். எங்கள் தெருவின் முப்பது வீட்டிலும் வெள்ளிதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஞ்சியதை எடைபோட்டு எழுதுகிறார்கள். குளிர்பெட்டிக்குள் வைத்தாலும் கணக்குத்தானாம், திங்கட்கிழமை அது குப்பைக்குத்தான் போகிறதாம். நாலாவது வெள்ளியில் தெருவின் மொத்த மிச்சம் முதல் வெள்ளியில் இருந்ததில் பாதியாகக் குறைந்தால் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் தரிசு நிலம் இவர்களுக்குத் தோட்டம் போடக் கிடைக்கும், இல்லாவிட்டால் அங்கே ஆசிரியைகள் கார் நிறுத்துவார்கள். பிள்ளை இப்போதே விதைப் பொட்டலங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கரைந்துவிடுகிறது.

முதல் வெள்ளி குழுவின் ஐந்து பெண்பிள்ளைகள் கையுறை, தராசு, நோட்டோடு வந்தார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால் என் வீட்டுக்காரி சவ்சன் சும்மா இருப்பாளா? எடைபோட வருகிறவர்களுக்காகவே ஒரு முழு ஆட்டை மன்சஃப் சோறாக ஆக்கிவிட்டாள். "மாமி, நாங்க மிச்சத்தை நிறுக்கத்தான் வந்தோம்"னு அதுங்க கெஞ்சுது. "மிச்சம் எங்கடி ஓடிப்போகுது, முதல்ல உக்காருங்க"ன்னு இவ அதட்டுறா. ஆளுக்கு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மீதியை நிறுத்தாங்க. பதினோரு கிலோ. தெருவிலேயே முதலிடம், தலைவி வீட்டுக்கு!

ரனீம் அழுததைப் பார்த்து ரெண்டாவது வாரம் நான் கண்டிப்பா சொல்லிட்டேன், அளந்துதான் சமைக்கணும்னு. அன்னைக்குப் பார்த்து மேல்மாடி அபூ ஐஹம் வந்தான். வழிச்சு வச்ச சட்டியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், "எல்லாம் சரியாயிடும் தம்பி, ஆண்டவன் இருக்கான்"னு தோளைத் தட்டிட்டுப் போயிட்டான். அரைமணி நேரத்துல மூணு வீட்லேர்ந்து தாம்பாளம் வருது! நாயிஃப் நொடிச்சுப் போயிட்டானாம்! பதினாலு கிலோ.

வந்த தாம்பாளத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்ம குடும்பத்துல உண்டா? சவ்சன் ரொப்பி அனுப்பினா. அவங்க அதைவிடப் பெரிசா ரொப்பித் திருப்பினாங்க. மூணாவது வெள்ளி தெரு பூரா தாம்பாளம் ஏறி இறங்குது. மிச்சக் கணக்குக்கு ரனீம் வரைஞ்ச கோடு மலையேறிப் போச்சு. கதீர் டீச்சர் சொன்னாங்களாம், "இந்தப் பள்ளிக்கூடத்துலேயே குறைக்கப் போய் அதிகமாக்கிட்டு வந்த முதல் குழு நீங்கதான்"னு.

வர்ற வெள்ளிதான் அந்த நாலாவது வெள்ளி. இந்த நிலைமையில நீங்களும் வந்தா நான் அளந்து சமைக்க முடியுமா? அக்காவுக்கு அளந்து போட்டவன்னு பேர் எடுக்கணுமா? அதனால்தான் கெஞ்சுகிறேன். மச்சானுக்கு என் ஸலாமும் பையன்களுக்கு என் முத்தங்களும். உங்கள் நிழல் எங்கள் வீட்டு வாசலில் என்றும் விழட்டும், இந்த வெள்ளி ஒன்றைத் தவிர.

இப்படிக்கு,
வெட்கத்தோடு, நாயிஃப்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரனீம் இதைப் படித்துவிட்டாள். "அத்தையையே வரவேணாம்னு எழுதுனீங்களா? உங்களுக்கு வெக்கமா இல்லியா வாப்பா?" என்று ஒரே சண்டை. அப்புறம் திடீரென்று நோட்டைப் புரட்டினாள். "அத்தை வர்றாங்கன்னு தெரு மொத்தத்தையும் விருந்துக்குக் கூப்பிட்டா, இருபத்தொம்பது வீட்ல அடுப்பே எரியாதே, மிச்சம் நம்ம வீட்ல மட்டும்தானே!" என்றாள். நான் அவள் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு நேராக ஆட்டுக்காரனிடம் ஓடினேன். இருபத்தொன்பது வீட்டையும் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்தாகிவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் வராவிட்டால் என் பிள்ளைக்குத் தோட்டமில்லை. பையன்களுக்குக் காலையில் ஒன்றும் கொடுக்காமல் கூட்டி வாருங்கள்.