மச்சானும் மைக்குக் குல்லாவும்

எங்க கருப்பனார் சாமி மேல சத்தியமுங்க! இதுல ஒரு வார்த்தை பொய்யின்னாலும் எனக்கு மிச்சமிருக்கிற ஏழு பல்லும் இன்னிக்கே உழுந்துரட்டும். அதுல மூணு ஏற்கெனவே ஆடுது, அது சத்தியத்துல சேராது.

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. எங்க ஊட்டு வாசல்ல ஒரு பாட்டை மூணு நிமிசம் ரிக்கார்டு பண்ணணும். அவ்வளவுதான்.

நாப்பது வருசம் போர்க்கெணறு போடற ரிக்கு வண்டியில ஊர் ஊராப் போனவன் நான். இப்பவும் கால் ஒரு எடத்துல நிக்காது. எங்க நோம்பி, திருவிழான்னாலும் பஸ் ஏறிருவேன். உருமி, பம்பை, நாயனம் எதையும் விடறதில்லை. இந்தக் கிறுக்கைப் பாத்துத்தான் எங்க மருமகன் உள்ளங்கை அகலத்துல ஒரு ரிக்கார்டர் வாங்கிக் குடுத்தாரு. கூடவே ஹெட்போன், சாண் ஒசரத்துக்கு மூணு கால் ஸ்டேண்டு, மைக்கு தலையில மாட்ட ஒரு புசுபுசு குல்லா. எல்லாம் ஒரு மஞ்சப்பைக்குள்ள அடங்கிரும்.

"இந்தக் குல்லா எதுக்குங்க?"ன்னேன்.

"காத்து எரைச்சலை வடிகட்டிருமுங்க மாமா. தேவையானது மட்டும் உள்ள போகும்"ன்னாரு.

அன்னிக்கே ஜேடர்பாளையம் தடுப்பணையில வெச்சுப் பாத்தேன். தண்ணி எரைச்சல் மொத்தமும் போயி, மீன் கொட்டாவி விடறது மட்டும் கேட்டுச்சு. நம்பலைன்னா போங்க.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வாரேன்.

எங்க ஊட்டுக்காரி சரோசா கும்மியாட்டக் குழுவுல பாட்டு எடுத்துக் குடுக்கறவ. நோம்பிக்கு ஆட எடம் வேணும்னா பாட்டை மொதல்ல விழாக் கமிட்டிக்கு அனுப்பி வெக்கணுமாம். அவளோட சேத்து ஒம்பது பொம்பளைங்க வாசல்ல வட்டங்கட்டி நின்னாங்க.

ஆரம்பிச்சாங்க. பால்காரர் வந்தாரு.

"வாங்க, காப்பி குடிக்கறீங்களா?"ன்னு ஒம்பது பேரும் பாட்டை நிறுத்திட்டாங்க.

மறுக்கா ஆரம்பிச்சாங்க. கரண்டு மீட்டர் பாக்கறவர் வந்தாரு.

"வாங்க, மோர் குடிக்கறீங்களா?"

நம்ம சனத்துக்கு உசுரே போனாலும் வந்தவங்களை வாங்கன்னு சொல்லணும்! எனக்குப் பொறுக்கலை. "இனி எமனே வந்தாலும் ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது!"ன்னு உத்தரவு போட்டேன்.

எமன் வரலை. மச்சான் வந்தாரு.

சரோசாவோட ஒரே அண்ணன், ஆட்டையாம்பட்டிக்காரரு. எங்க படியேறிப் பதினோரு வருசமாச்சு. நாங்க இந்த ஊடு புகுந்த அன்னிக்குச் சீர்த்தட்டோட வந்தாரு. நான் வாசல்லதான் நின்னேன். ஆனா வாய்க்குள்ள சுடச்சுடப் போண்டா. முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. தலையை ஆட்டினேன்.

"வாங்கன்னு சொல்ல வாய் வல்லையா? தலையாட்டிக் கூப்பிட நான் என்ன ஆட்டுக்குட்டியா?"ன்னு வந்த வழியே போனவருதான். ஒவ்வொரு நோம்பிக்கும் சரோசா ரோட்டைப் பாத்துட்டு உள்ள போயிருவா. ஒண்ணும் சொல்ல மாட்டா. ரெண்டு திட்டு திட்டியிருந்தாத் தேவலை.

அந்த மனுசன் இப்பத் தன் ஊட்டுக் கல்யாணப் பத்திரிகையும் வெத்தலை பாக்குமா கேட்டைத் தொறக்கறாரு! மொகமெல்லாம் சிரிப்பு. "என்னுங்க மாப்ள..."ன்னு ஆரம்பிச்சாரு.

ரெண்டரை நிமிசம் சுத்தமாப் பதிஞ்சிருந்துச்சுங்க! இன்னும் அரை நிமிசந்தான் பாக்கி!

நான் வாய் மேல விரலை வெச்சு, "உஷ்!"ன்னேன்.

பொம்பளைங்க என் உத்தரவுக்குப் பயந்து பாடிட்டே இருக்கறாங்க. சரோசா கை கும்மி கொட்டுது, கண்ணு அண்ணனைப் பாக்குது.

மச்சான் மூஞ்சி மொளகாப்பழமாச்சு. "மனுசனாய்யா நீ? உன் ஊட்டு நாய் கூட என்னைப் பாத்து வாலை ஆட்டுது!"ன்னு ஒரே சத்தம். கேட்டு படார்!

பாட்டு நின்னுருச்சு. சரோசா எங்கிட்ட வந்து குல்லாவைக் காட்டினா. "அன்னிக்குப் போண்டா. இன்னிக்கு இந்தப் பூனைக்குட்டியா? இன்னொரு வாட்டி எங்கண்ணன் வருமாங்க?"

போர் போடறப்பப் பாறை வந்தா ஓடற ஆளில்லீங்க நான். தொளைக்கற பிட்டை மாத்தி எறக்கறவன்.

"அடுத்த பஸ்சு எப்ப?"

"அரை மணி நேரமாகுமுங்க"ன்னா ஒரு அம்மிணி.

"அப்பப் பாட்டை மறுக்கா எடுங்க. சரோசா, கடேசி அடியை மாத்து. உங்கண்ணனை வாங்கன்னு பாடு!"

அவ எனக்கு மேல கள்ளி! அங்கயே அடி கட்டிட்டா.

"வாங்கண்ணா வாங்க, வாசப்படி ஏறி வாங்க!
பதினோரு வருசக் கோவத்தைப் படியோட விட்டு வாங்க!"

மத்த எட்டுப் பேரும் திருப்பிப் பாடினாங்க. மஞ்சப்பையைத் தூக்கிட்டு, ஒத்தைச் செருப்போட பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். மச்சான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

"நீங்க எங்கூடப் பேச வேண்டாம் மச்சான். இதைக் காதுல மாட்டிக் கேளுங்க. நீங்க திரும்புனதும் உங்க தங்கச்சி பாடினது. உங்க சத்தத்துல உங்களுக்கே கேக்கலை."

கேட்டாரு. துண்டு கண்ணுக்குப் போச்சு. "மறுக்கா வைங்க"ன்னாரு. மூணாவது வாட்டி கேக்கறப்பப் பஸ் வந்து, நின்னு, அவரை ஏத்தாமயே போயிருச்சு.

அப்பறம் திடீர்னு ஹெட்போனைக் கழட்டினாரு. "இருங்க மாப்ள. அதே நேரந்தான நான் சத்தம் போட்டேன்? அது எங்க இதுல?"

ரிக்கார்டரை அப்பிடியும் இப்பிடியும் திருப்பினேன். கை குல்லாவுல பட்டுச்சு.

"அதுக்குத்தானுங்க மச்சான் இந்தக் குல்லா! கெட்ட வார்த்தையை வடிகட்டிரும். நல்லது மட்டுந்தான் உள்ள போகும்."

மச்சான் குல்லாவைத் தடவிப் பாத்தாரு. என்னையும் பாத்தாரு.

"எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க மாப்ள. வாயில மாட்டிக்கறேன்."

ஊட்டுக் கேட்டுல நின்னு, வருசத்துக்கு ஒண்ணு வீதம் பதினோரு "வாங்க" சொல்லித்தான் உள்ள கூட்டிட்டுப் போனேன். சரோசா அன்னிக்கு எனக்கும் சேத்துச் சிரிச்சா.

நாய் வாலாட்டற வசனத்தோட மொதல்ல எடுத்தது இன்னும் ரிக்கார்டர்லதான் இருக்குது. அழிக்க மனசு வல்லை, அதுல தாளம் அருமையா உழுந்திருக்குது.

அதனால நீங்க கேட்டதை உங்களோட வெச்சுக்குங்க. யார் சொன்னதுன்னு மூச்சு விட்றாதீங்க. ஆட்டையாம்பட்டிக் கல்யாணத்துல எனக்கு மொதப் பந்தியில எலை போடறாங்க. போண்டா இல்லைன்னு விசாரிச்சுட்டேன்.