சனிக்கிழமை எட்டு மணி

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரினோ தன் லாப்டாப்பைத் திறந்தபோது, அதில் பதினோரு வருஷமாகக் குடியிருந்த எல்லாமே சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போயிருந்தன. நீலத் திரை. ஓரத்தில் பழக்கமில்லாத நாலைந்து பொம்மைகள். அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். மூன்றாம் தடவையும் அதே நீலம்தான் வந்து நின்றது. செக்கு முறைப் பட்டியலைக் காணவே காணோம்.

ஊரின் கூட்டுறவு ஆலிவ் செக்குக்கு ரினோதான் செயலாளர். இருபத்திரண்டு குடும்பங்கள், ஒரே செக்கு. பறித்த காய் இரண்டு நாளுக்கு மேல் பெட்டியில் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். அப்புறம் அந்த எண்ணெய் சோப்புக்குத்தான் ஆகும். அதனால் வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். முன்பெல்லாம் பட்டியலைச் செக்குக் கதவில் ஒட்டினார்கள். பேனா வைத்திருந்தவர்கள் எல்லாம் அதைத் திருத்தினார்கள். கடைசியில் பட்டியல் ரினோவின் லாப்டாப்பில் மட்டும் இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அவர் வாயால் சொன்னால் அதுதான் சட்டம்.

இந்த வருஷம் செக்கு ஓட ஆரம்பிப்பதே சனிக்கிழமைதான். ஞாயிறு முதல் ஒரு வாரத்துக்கு மழை என்று ரேடியோ சொல்லிவிட்டது. மழைக்கு முன் பறித்த காயைச் சனிக்கிழமையே ஆட்டிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அந்தச் சனிக்கிழமைக்கு ஆறு முறைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். அதில் முதல் முறை, காலை எட்டு மணி, ரினோவுக்கு விழுந்திருந்தது. செயலாளரான பிறகு அவருக்கு முதல் சீட்டு விழுந்தது இதுதான் முதல் தடவை. மற்ற ஐந்தும் யார் யாருக்கு என்று அடித்துக் கேட்டாலும் அவருக்கு ஞாபகம் வராது. அதற்குத்தானே லாப்டாப்.

எல்லாம் நேற்றைய வகுப்பு செய்த வேலை. பழைய கம்ப்யூட்டரைக் குப்பையில் போடாதீர்கள், லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுப் பாருங்கள் என்று பூலா நகரத்திலிருந்து வேத்ரான் என்ற தாடிக்காரன் வந்து, தீயணைப்பு நிலைய மாடியில் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தான். ரினோவின் லாப்டாப்பில் விரல்நீளக் கறுப்புக் குச்சி ஒன்றைச் செருகிப் புதுத் திரையை வரவழைத்தான். அவன் விளக்க ஆரம்பிப்பதற்குள் ரினோவின் மனைவி ஸ்லாவாவிடமிருந்து போன். ஏணி உடைந்து, மரத்தின் மேல் தொங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ரினோ லாப்டாப்பை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். பாக்கி வகுப்பை ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்து கேட்டார்கள்.

வேத்ரானின் நம்பரைப் போர்டிலிருந்து எழுதிக்கொண்டவர் மீலியோ ஒருவர்தான். ரினோ அவருக்குப் போன் போட்டார்.

"மீலியோ, அந்தத் தாடிக்காரத் தம்பியோட நம்பர் உங்கிட்ட இருக்கா?"

"இருக்கே. எதுக்கு?"

"சும்மா. ஒரு நன்றி சொல்லலாம்னு."

"காலைல ஏழரை மணிக்கா?"

"நன்றி சொல்றதுக்கு நல்ல நேரம் பாக்கணுமா?"

"நீ பறிப்பு வேலையைப் பாரு ரினோ. நன்றியை நானே சொல்லிடறேன்" என்று மீலியோ போனை வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "ஆமா, நாளைக்கு எட்டு மணி என் முறைதானே?"

ரினோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எட்டா? எனக்கு என்னவோ..."

"சந்தேகம்னா லிஸ்ட்டைத் திறந்து படியேன்பா. நான் லைன்லயே இருக்கேன்."

ரினோ நீலத் திரையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. பட்டியல் தொலைந்தது என்று இந்த வாயாடியிடம் சொன்னால், பத்து நிமிஷத்தில் சர்ச் மணி அடித்துச் சொன்ன மாதிரிதான்.

"எட்டு மணி, மீலியோ. இதோ, போட்டிருக்கே" என்றார்.

சரி, நாம் பத்து மணிக்குப் போய்விடுவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்த போன் ஓய்வுபெற்ற வாத்தியார் ஃபெருச்சோவுடையது.

"எனக்குப் பத்து மணி. மறந்துடலையே?"

வாத்தியாருக்குச் செவ்வாய்க்கிழமை என்று ரினோவுக்கு லேசாக ஒரு நினைவு. ஆனால் தன்னிடம் படித்த பையனின் நினைவை அவர் என்றைக்கு மதித்திருக்கிறார்? "பத்துதான் சார்" என்று மென்று விழுங்கினார்.

மதியத்துக்குள் சனிக்கிழமைக்குப் பதினோரு பேர் ஆகிவிட்டார்கள். ரினோ யோசித்தார். மழையை முன்னிட்டு, நாளைக்கு மட்டும் ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் என்று அறிவித்தார். ஆறு முறை பன்னிரண்டு ஆயிற்று. வழக்கமாக இப்படி ஓர் அறிவிப்புக்கு ஊர் ரத்தக்களரி ஆகியிருக்கும். இந்தத் தடவை ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கடைசியில் ராத்திரி ஏழு மணி மட்டும் மிஞ்சியது. அப்பாடா என்று அதைத் தனக்கு எழுதிக்கொண்டிருந்தபோது ஸோரா போன் செய்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள்.

"அவர் இருந்தா ஏழு மணிக்கு அவர்தான் வந்திருப்பார், ரினோ அண்ணே. இப்ப நான் ஒண்டியா வரணும்" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"வாம்மா. ஏழு உன்னுதுதான்" என்றார் ரினோ.

அவர் போனை வைத்தபோது ஸ்லாவா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இது என்ன, கறுப்பா நீட்டிக்கிட்டு? துணி மாட்டுது."

"அதைத் தொடாதே!" ரினோ பாய்ந்து வந்தார். "புது சிஸ்டமே அந்தக் குச்சியிலதான் நிக்குது. அதையும் உருவிட்டா ஒண்ணுமே மிஞ்சாது." பிறகு, குச்சி ஆடாமல் இருக்க இரண்டு சுற்று டேப் ஒட்டினார்.

"ஒட்டு, ஒட்டு. முற்றத்துல நாற்பது பெட்டி காய் கிடக்கு. காலைல எட்டுதானே நமக்கு?"

ரினோ டேப்பைத் தடவிக்கொண்டே, "செவ்வாய்" என்றார்.

ஸ்லாவாவின் கைத்துணி நின்றது. அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் கேட்டு முடித்துவிட்டு, "பட்டியல் போச்சுன்னு நாலு பேர்கிட்ட சொல்லித் தொலையேன்யா!" என்றாள்.

"பதினோரு வருஷமா ஒரு முறை தப்பினதில்ல ஸ்லாவா. என்னை நம்பித்தான் கதவுல இருந்த காகிதத்தைக் கிழிச்சாங்க. இப்பப் போய்த் தொலைச்சுட்டேன்னு சொல்லவா?"

ஸ்லாவா அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ரினோவுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ரினோ லாப்டாப்போடு செக்குக்குப் போனார். பன்னிரண்டு குடும்பமும் டிராக்டரோடு நின்றது. யாராவது ஒருவர் பின்னால் வந்து திரையை எட்டிப் பார்த்தால் கதை முடிந்தது.

"லிஸ்ட்டைப் படிங்க, செயலாளரே" என்றார் மீலியோ.

ரினோ சுவரில் முதுகை ஒட்டி நின்று லாப்டாப்பைத் திறந்தார். காலியான நீலத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, விரலை வரிவரியாக இறக்கி, "எட்டு, மீலியோ... ஒன்பது..." என்று படித்தார். நாக்கு இரண்டு தடவை குழறியது. ஒவ்வொரு பெயருக்கும் ஊர் பவ்யமாகத் தலையாட்டியது. யாரும் பின்னால் வரவில்லை. யாரும் சண்டை போடவில்லை. வாத்தியார் மட்டும் எதற்கோ அடிக்கடி இருமினார்.

அன்று முழுக்க அவருக்கு ராஜ மரியாதை. சுட்ட ரொட்டியில் புது எண்ணெய் ஊற்றி ஒவ்வொரு வீட்டுக்காரரும் முதல் துண்டை அவருக்கே நீட்டினார்கள். "உன்னை மாதிரி செயலாளர் கிடைக்கணுமே!" என்று மீலியோ முதுகில் தட்டினார். ராத்திரி ரினோ வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். காய் வெதுவெதுவென்று சூடேற ஆரம்பித்திருந்தது.

ஞாயிறு காலை மழை கொட்டியது. கதவைத் தட்டியது வேத்ரான். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. அன்னிக்கு என் பென் டிரைவோட போயிட்டீங்க. அதை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எதோட?"

வேத்ரான் லாப்டாப்பைப் பார்த்தான். டேப்பைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் பொறுமையாகப் பிரித்தான். கறுப்புக் குச்சியை உருவி, லாப்டாப்பை அணைத்து மறுபடி போட்டான். பழைய திரை வந்தது. பழைய படம், பழைய கோப்புகள், செக்கு முறைப் பட்டியல். முதல் வரியில் சனி, எட்டு மணி, ரினோ.

"உங்க கம்ப்யூட்டர்ல நான் எதையும் தொடவே இல்லண்ணே. குச்சி இருக்கற வரைக்கும் புதுசு தெரியும். எடுத்துட்டா பழசு அப்படியே இருக்கும். நீங்க ஓடின பிறகு வகுப்புல இதைத்தான் சொன்னேன்."

ரினோ நாற்காலியில் உட்கார்ந்தார். முற்றத்தில் நாற்பது பெட்டிகள் மீதும் மழை பெய்தது.

"இதை வெள்ளிக்கிழமையே வந்து எடுத்திருக்கக் கூடாதாப்பா?"

"அன்னிக்கே கிளம்பிட்டேன் அண்ணே. மீலியோ அண்ணன்தான் போன் பண்ணி, 'ஊர்ல எல்லாரும் கலந்து பேசிட்டோம் தம்பி, அவசரமில்ல, ஞாயித்துக்கிழமை வந்தா போதும்'னாரு."