எருமப்பட்டியில் ஒன்பது கேஸ்

“ஊசியும் போட மாட்டே, மாத்திரையும் குடுக்க மாட்டே. அப்பறம் அதென்ன அம்மணி டாக்டர் படிப்பு?”

எங்கள் முதலாளி இப்படிக் கேட்டபோது என் கையில் ஏழு டேங்கர் லாரிகளின் லோடு சீட்டுகள் இருந்தன. நாமக்கல்லில் சமையல் எரிவாயு ஏற்றும் லாரிக் கம்பெனியில் எனக்கு வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஓட்டுநர்களுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மீதி நேரத்தில் ஆன்லைனில் பொது சுகாதாரம் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன்.

“டாக்டர் படிப்பு இல்லீங்கண்ணா. ஒரு ஊருல பத்துப் பேருக்கு வயித்தால போச்சுன்னா, ஏன் போச்சுன்னு கண்டுபிடிக்கற படிப்புங்க.”

“போறதுக்கு ஒரு படிப்பா!”

என் அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். அப்பா பட்டறையில் டிங்கர் வேலை. இருவரும் பள்ளிக்கூடம் போனதே இல்லை. வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்விட்டதால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு (கொஞ்சம் என்பது நான் சொல்வது, அம்மாவைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்). அந்தத் திமிரில் சொல்லிவிட்டேன்: “இந்தத் தடவ நான் பெயிலானா படிப்பையே உட்டுடறேனுங்க.”

முதலாளி சிரித்தார். சொன்ன வார்த்தையை வாங்கி வைத்துக்கொள்ளும் சிரிப்பு அது.

அந்தப் பருவத்தின் கடைசி வேலை இதுதான்: உண்மையில் நடந்த ஒரு சிறிய நோய்ப்பரவலைத் துருவிக் காரணம் கண்டுபிடித்து, பேராசிரியர் முன்னால் நேரலையில் பத்து நிமிடம் பேச வேண்டும். நானும் ஒரு மாதம் தேடினேன். எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது.

அப்போதுதான் எருமப்பட்டியில் மாமாவின் பேத்திக்குக் காது குத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்து. திங்கட்கிழமை ஒன்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். செய்தி கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வேலை முடிந்ததும் நோட்டும் கையுமாக ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். மாமா கழிப்பறைக்குள் இருந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

“மாமா, மோர் எத்தன டம்ளர் குடிச்சீங்க?”

“ஏஞ்சாமி... வெளிய வந்து சொல்றனே.”

“ஒரே வார்த்தைல சொல்லிருங்க மாமா. அத்தையக் கேக்கோணும், பக்கத்து ஊட்டுக்குப் போகோணும்.”

“ரெண்டு டம்ளரு! போ சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்!”

ஒன்பது பேரில் எட்டுப் பேர் மோர் குடித்திருந்தார்கள். குற்றவாளி கிடைத்துவிட்டது! மோர் குடித்தும் நன்றாக இருக்கிறவர்களை நான் கேட்கவே இல்லை (நன்றாக இருக்கிறவர்களிடம் எனக்கென்ன வேலை?).

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரலை. முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

“பத்து நிமிசம். அதுக்குள்ள முருகேசன் போன் வந்தா எடுத்துரோணும்.”

முருகேசண்ணன் எங்கள் ஓட்டுநர்களில் மூத்தவர். ஊர் எருமப்பட்டி. அன்று விடியற்காலையிலிருந்து, முழு லோடு வண்டியோடு, போனை எடுக்கவே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை வீட்டுப் பக்கம் ஓட்டிப் போய்விட்டாரோ என்று முதலாளிக்குச் சந்தேகம். காலையிலிருந்து அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

நான் பக்கத்து அறைக்குள் போய், பிளைவுட் கதவைச் சாத்தி, காதில் இயர்போனை மாட்டினேன். ஆகவே பேராசிரியர் பேசுவது எனக்கு மட்டும்தான் கேட்கும். நான் பேசுவது? நாள் முழுக்க ஓட்டுநர்களிடம் பேசிப் பழகிய குரல். எதிர் டீக்கடை வரைக்கும் போகும்.

“எருமப்பட்டியில் மொத்தம் ஒன்பது கேஸ்!” என்று ஆரம்பித்தேன். “முதல் கேஸ் காலை ஆறு மணிக்கு. மதியத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பியிருக்கிறது.” விடாமல் எட்டு நிமிடம் பேசி முடிவுரைக்கு வந்தேன். “மூலத்தை உடனே அடைக்காவிட்டால்...”

கரண்ட் போனது. இணையமும் போனது. போன் திரையில் பேராசிரியர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்தார்.

வெளியே ஓடி வந்தேன். முதலாளி ஒரு கையை மெயின் சுவிட்சில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“அண்ணா, கரண்ட்ட ஏன் ஆப் பண்ணீங்க?”

“போனத் தொடாதே! பொறி பட்டுச்சுன்னா ஊரே போயிரும்!”

“எந்த ஊருங்கண்ணா?”

“எருமப்பட்டி!”

“அது அரை மணி நேரத் தூரத்துல இருக்குதுங்களே!”

போனைத் தொடாதே என்றவர், அதே நிமிடம்தான் தன் போனில் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசி முடித்திருந்தார். அதற்கு முன்னால் எருமப்பட்டியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் பேசியிருந்தார். எனக்கு மெல்ல விளங்கியது. எங்கள் பாடத்தில், நோய் வந்த ஒவ்வொரு ஆளும் ஒரு கேஸ். எங்கள் கம்பெனியில் கேஸ் என்றால் டேங்கருக்குள் இருப்பது. இத்தனை நாள் இரண்டு கேஸுக்கும் நடுவில் வாழ்ந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

“அண்ணா, நான் சொன்னது கேஸ் இல்லீங்கண்ணா. கேஸுங்க!”

“அதத்தானே நானும் சொல்றேன்!”

இதை எப்படி விளக்குவது? அதற்குள் என் போன் அடித்தது. எருமப்பட்டி அத்தை.

“வாணி, உங்க கம்பெனி வண்டி கேஸ் உட்டுருச்சாமா? ஆரும் அடுப்புப் பத்த வெக்கக் கூடாது, ஊட்ட உட்டு வெளிய வாங்கன்னு கோயில் மைக்குல சொல்றாங்க. உங்க மாமனக் காட்டுக்குள்ள கொண்டாந்து உக்கார வெச்சிருக்கறோம். அவரு இருக்கற நெலமைக்கு...”

பின்னாலிருந்து மாமா குரல் கேட்டது: “காடுதான் சௌரியமா இருக்குதுன்னு சொல்லு!”

‘கேஸ்னா பேதி புடிச்ச ஆளுங்க’ என்று முதலாளிக்கு மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவர் முகம் சிவந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு மறுபடி பேசினார். கிளம்பிய வண்டி பாதி வழியில் திரும்பியது. ‘நம்மகிட்ட இருக்கறதே ஏழு வண்டி, ஒம்போது எப்படியாச்சு?’ என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு அன்றைக்கு இல்லை.

அப்போதுதான் முருகேசண்ணன் கூப்பிட்டார்.

“ஏம்புள்ள, இத்தன தடவ கூப்புட்டா எப்புடி? மனுசன் ஒதுங்கப் போறதில்லையா? வண்டி வாழப்பாடிகிட்ட ஓரமா நிக்குது, நல்லா நிக்குது. எனக்குத்தான் நிக்கல.”

முதலாளி பெருமூச்சு விட்டு நாற்காலியில் விழுந்தார். எனக்கோ வேலை, அவமானம், பேராசிரியர் எல்லாம் மறந்துபோனது. இவர் பத்தாவது கேஸ்!

“அண்ணா, காதுகுத்துக்கு வந்திருந்தீங்களா?”

“வந்தேன்.”

“மோர் குடிச்சீங்களா?”

“மோரா? அந்த வாடையே எனக்கு ஆவாது. சோறு திங்கவும் நேரமில்ல. லெமன் ஜூசு ஒரு டம்ளரு, ஐஸு மெதக்க மெதக்க. அவ்வளவுதான்.”

ஐஸ்.

என் நோட்டில் சோறு, குழம்பு, ரசம், மோர், பாயசம் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தேன். ஐஸுக்குக் கட்டமே இல்லை. ஏனென்றால் அந்த ஐஸ் கட்டியை வாங்கி, சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். கடைக்காரர் அப்போதே கேட்டார்: “மீனுக்குத்தானுங்க?” விருந்துக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், “ஆமாங்க, சீக்கிரம் போடுங்க” என்றிருந்தேன். மீன் வைக்கிற ஐஸ் வேறு, குடிக்கிற ஐஸ் வேறு என்று யோசிக்கவே இல்லை.

அன்று மாலை எருமப்பட்டிக்குத் திரும்பப் போனேன். இந்த முறை நன்றாக இருக்கிறவர்களையும் கேட்டேன். மோர் மட்டும் குடித்தவர்கள் எல்லோரும் சுகம். படுத்தவர்கள் அத்தனை பேரும் ஜூஸ் குடித்திருந்தார்கள். மாமா மோரும் குடித்து, ஜூஸும் மூன்று டம்ளர் குடித்திருந்தார். “நீ மோரு மட்டுந்தான சாமி கேட்ட?” என்றார்.

பேராசிரியர் வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். ஐஸ் என்று சொன்னால் போதும்; யார் வாங்கினார்கள் என்று கட்டாயம் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமை முழுவதும் அந்த ஒரு வரியை எழுதினேன், அடித்தேன், எழுதினேன். படிப்பை விட வேண்டி வந்தாலும் வரட்டும். பத்துப் பேரைக் குடைந்து கேட்டவள் தன்னை மட்டும் கேட்காமல் விடுவது எப்படி? வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கத்தைக் காட்டிப் படித்தேன்: “ஐஸ் வாங்கி வந்தவர்: ஆய்வாளர்.”

பேராசிரியர், “அந்த வரியை இன்னொரு முறை படிங்கம்மா” என்றார்.

தேறிவிட்டேன்.

“எப்புடிப் பாஸானே?” என்று முதலாளி கேட்டார்.

“எல்லாத்துக்கும் காரணம் நாந்தான்னு கண்டுபிடிச்சேனுங்கண்ணா.”

“அத எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே!”

வீட்டிலும் சொன்னேன். “மூலம் கெடச்சிருச்சுப்பா. மூலம் நாந்தான்” என்றேன் பெருமையாக. அப்பா பதறிப்போனார்: “மூலமா? உக்கார முடியுதா சாமி?” அந்தக் கதை அம்மா வழியாக எருமப்பட்டி போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமா வாசலிலேயே குரல் கொடுப்பார்: “மூலம் வந்துருச்சு, ஜூசு டம்ளர எடுத்து உள்ள வைங்க!”

இப்போது கடைசிப் பருவம். ஆய்வேட்டுக்கு ஐஸ் கடைகளையே எடுத்துக்கொண்டேன். போன சனிக்கிழமை அதற்கு விடுப்புக் கேட்டேன். காரணம் எழுதும் இடத்தை முதலாளி தானே நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்: ‘கேஸ் விஷயமாக.’

முதலில் போனது அதே கடைக்கு. கடைக்காரர் சாக்கை விலக்கிக்கொண்டே கேட்டார்:

“மீனுக்குத்தானுங்க?”

“இல்லீங்க,” என்று நோட்டைத் திறந்தேன். “இந்த ஐஸுக்குத் தண்ணி எங்கிருந்துங்க வருது?”