வெளியே போன கிருஷ்ணர்

ஆணி அடிக்கவே தெரியாத கணவனால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் கிடையாது. நன்றாக அடிக்கத் தெரிந்தவனாலும் கிடையாது. அரைகுறையாகத் தெரிந்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறையாக வாய்த்தவன் இருக்கிறானே, அவனிடம்தான் பெண்டாட்டி பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அந்த ரகம்.

எனக்குக் கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அங்கே ஒரு வால்வைத் திருப்புவதென்றால்கூட மூன்று பேர் யோசித்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வாரம் ஐந்து நாள் அப்படிக் கைகட்டி இருந்துவிட்டு ஆபீஸ் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து இறங்கினால், வீட்டில் எதைத் திருப்பவும் யாருடைய அனுமதியும் வேண்டாம் என்ற நினைப்பே எனக்கு ஒரு போதையாக ஏறும். (சுமதியின் அனுமதி வேண்டும்தான். கேட்டால் கிடைக்காது என்பதால் கேட்பதில்லை.)

நான் மாட்டிய அலமாரியில் எந்தப் புத்தகத்தை வைத்தாலும் கொஞ்ச நாளில் அது இடது கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். குளியலறைக் குழாயை நான் பழுது பார்த்த பிறகு, சமையலறையில் குழாயைத் திறந்தால் குளியலறை ஷவரில் தண்ணீர் கொட்டியது. ஆறு வயதுப் பரத்தும் நான்கு வயது நித்யாவும் அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் குளித்துக்கொண்டிருந்த சுமதி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. செங்கல்பட்டுக்கு வெளியே புதிதாக முளைத்த ஒரு நகரில் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். வீடு முடிந்துவிட்டது, வாசல் முடியவில்லை. கேட்டுக்கும் வீட்டு நிலைப்படிக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டடி நீளத்துக்கு வெறும் மண். மழை வந்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, கிருஷ்ண ஜெயந்தி வருகிற வரைக்கும்.

சொந்த வீட்டில் முதல் கிருஷ்ண ஜெயந்தி. கேட்டிலிருந்து பூஜை அலமாரி வரைக்கும் அரிசிமாவில் சின்னச் சின்னப் பாதமாகப் போட்டு, கிருஷ்ணரை வீட்டுக்குள் அழைத்துவர வேண்டும் என்று சுமதிக்கு ஆசை. வாடகை வீட்டில் இருந்த இத்தனை வருடமும் மாடிப்படியோடு கிருஷ்ணரை நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்ததில் அவளுக்கு மனக்குறை. போதாததற்குச் சென்னையிலிருந்து அவளுடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் முதல் நாளே வருவதாக இருந்தது. அக்கா வீட்டு வாசலில் மொசைக்.

"மண்ணுல எப்படிங்க பாதம் போடறது? சிமெண்டாவது போட்டுக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

மேஸ்திரி ஏழுமலையிடம் சொன்னேன். "இன்னா சார் நீ, இது ஒரு வேலயா? ஞாயித்துக்கெழம வந்துகினே இருப்பேன்" என்றார். வரவில்லை. அடுத்த வாரம் போய்க் கேட்டால், "மாமல்லபுரத்துல ஒரு ஓட்டல் வேல மாட்டிக்கிச்சு சார். அத்த முடிச்சிட்டு நேரா உன் வூடுதான்." அதற்கடுத்த வாரம் அவர் வீட்டிலேயே இல்லை. கிருஷ்ண ஜெயந்தி மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்ற நிலையில், சனிக்கிழமை காலை நான் லுங்கியை மடித்துக் கட்டினேன்.

சுமதி என் முகத்தைப் பார்த்தாள். "வேண்டாங்க. கோலமாவ மண்ணு மேலயே போட்டுக்கறேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு கட்டியபோது மிஞ்சிய மணல், ஜல்லி, இரண்டு மூட்டை சிமெண்டு எல்லாம் இருந்தன. கலவையில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதில் மட்டும் எனக்குச் சின்னச் சந்தேகம். கெட்டியாக இருந்தால் கிளறக் கை வலித்தது, ஆகவே தண்ணீர் விட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டபோது இன்னும் சுலபமாக இருந்தது. மத்தியானத்துக்குள் என் கலவை இட்லி மாவிலிருந்து தோசை மாவுக்கு இறங்கியிருந்தது. அதையும் ஒரு முன்னேற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நிலைப்படியில் ஆரம்பித்து, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து, சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டுக்கு வெளியே தெருவில் போய் முடித்தேன். முதுகு இரண்டாக ஒடிந்திருந்தது. ஆனால் தரை, சும்மா சொல்லக் கூடாது, பளபளவென்று இருந்தது. (பளபளத்தது தண்ணீர். அது பிற்பாடு தெரிந்தது.)

எங்கள் ஆபீஸில் பாதுகாப்புப் பயிற்சி வருடா வருடம் நடக்கும். அதெல்லாம் வீணாகலாமா? ஆடு, மாடு, தெருநாய், பால்காரர் என்று யார் யாரெல்லாம் இந்தத் தரையை மிதிக்கக் கூடும் என்று யோசித்தேன். கேட்டைச் சாத்தினேன். கேட்டுக்குக் கீழே நாய் நுழையும் சந்தில் செங்கல் அடுக்கினேன். குறுக்கே கயிறு கட்டி, அதில் ஒரு சிவப்புத் துணியும் தொங்கவிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பிள்ளைகளுக்குத் தெருவில் நின்றபடியே உத்தரவு போட்டேன்: "யாரும் இது மேல நடந்து உள்ள வரக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுப்பா" என்றான் பரத்.

"நாளைக்கு இதுலதான் கிருஷ்ணர் பாதம் போடப் போறோம்" என்று சுமதியும் உள்ளேயிருந்து சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டாள். அவள் சீடை பொரித்துக்கொண்டிருந்தாள். சீடை வெடிக்கும் என்பதால் அந்த அடுப்பை விட்டு அவளால் அசைய முடியாது. நான் தெருமுனைக் கடைக்கு டீ குடிக்கப் போனேன். உழைத்தவனுக்கு ஒரு டீ உண்டுதானே.

திரும்பி வந்தபோது என் கயிறு இருந்தது. சிவப்புத் துணி இருந்தது. செங்கல் ஒன்றுகூட நகரவில்லை. கேட்டுக்கு வெளியே, தெருவில், முழங்கால் வரைக்கும் சிமெண்டு தெறித்திருக்க என் பிள்ளைகள் இருவரும் கை கோர்த்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நிலைப்படியிலிருந்து கேட் வரைக்கும் இரண்டு வரிசைச் சின்னப் பாதங்கள். கேட்டைத் திறந்து வெளியே வந்து, நல்ல பிள்ளைகளாக அதைத் திரும்பச் சாத்தியும் இருந்தார்கள்.

"கிருஷ்ணர் பாதம் போட்டுட்டோம்பா. அம்மாவுக்கு வேல மிச்சம்" என்றாள் நித்யா.

நான் போட்ட கூச்சலில் தெருவில் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். "உள்ள வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"நாங்க உள்ள வரலயே. வெளியதான வந்தோம்" என்றான் பரத். அவனுக்கு நியாயமாகவே என் கோபம் விளங்கவில்லை. ஆபத்து எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று நம்பி, இரண்டு ஆபத்துகளையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா ஓடி வந்து பிள்ளைகளின் காலைப் பார்த்தார். "இன்னா சார் நீ, சிமெண்டு காலெல்லாம் பொத்துப் போவும், நின்னு கத்திகினு கீற?" என்று என்னைத் திட்டிவிட்டு, இருவரையும் இடுப்புக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். அங்கே குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டு, பின்கட்டுச் சுவர் வழியாக எங்கள் வீட்டுக்குள் இறக்கி, "தேங்கா எண்ணெ தடவும்மா" என்று சுமதியிடம் ஒப்படைத்தார். அதன் பிறகுதான் சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அந்தப் பாதங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பத்து விரலும் குதிகாலும் அச்சாக விழுந்திருந்தன. "எவ்வளவு அழகா இருக்குங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். அப்போது அவள் முகம் மாறியது.

"ஏங்க, இது வெளிய போகுதே."

பார்த்தேன். போய்க்கொண்டுதான் இருந்தது. விரல்கள் எல்லாம் தெருவைப் பார்த்து இருந்தன. சொந்த வீட்டின் முதல் கிருஷ்ண ஜெயந்திக்கு, முதல் நாளே, கிருஷ்ணர் எங்கள் வீட்டை விட்டுத் துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்.

"அதுக்கென்ன, பூச்சுக் கரண்டிய எடுத்து ஒரு தேய் தேய்ச்சா சரியாப் போச்சு" என்றேன்.

"சாமி பாதத்தைக் கரண்டியால தேய்ப்பீங்களா?"

"இது நித்யா பாதம்."

"கிருஷ்ணர்னு நெனச்சுத்தான குழந்த வெச்சா" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. அழிக்கவும் கூடாது, அப்படியே விடவும் கூடாது. வருடக்கணக்காகக் காத்திருந்து அவள் கேட்டது இந்த ஒரு வாசல்தான். அதைப் போய் இப்படிச் செய்து வைத்திருந்தேன்.

சரியாக அந்த நேரத்துக்கு ஆட்டோ வந்து நின்றது. சுமதியின் அக்காவும், என் சகலையும், ஒரு பெரிய பையும் இறங்கினார்கள். சகலை தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆள் வெச்சுப் பண்ணியிருக்கலாமே, சகல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்றுவரை முழுசாக மன்னிக்கவில்லை.

அக்கா கெட்டிக்காரி. விஷயத்தைக் கேட்டதும் ஒரு நிமிடம்தான் யோசித்தார். "வெளிய போற காலை அழிக்க வேணாம். உள்ள வர்ற காலும் இருந்துட்டாப் போதும். போயிட்டுத் திரும்பி வந்த மாதிரி ஆயிடும்" என்றார்.

ஆனால் யார் நடப்பது? நித்யா எண்ணெய் தடவிய காலை யாரிடமும் காட்ட மாட்டேன் என்று அழுதாள். திட்டு வாங்கிய பரத், "உள்ள வரக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு" என்று முறுக்கிக்கொண்டான். சகலை தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மெதுவாக எல்லோருடைய பார்வையும் என்மேல் வந்து நின்றது.

"வெளிய நிக்கறது நீங்கதான. வாங்க உள்ள" என்றாள் சுமதி.

என் கால் பத்தாம் நம்பர். அப்போது என் எடை எண்பதைத் தாண்டியிருந்தது. தெருவே பார்க்க, லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிருஷ்ணராக முதல் அடி எடுத்து வைத்தேன். கணுக்கால் வரை இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது. "மெதுவா வாங்க தம்பி, விரல் நல்லா பதியட்டும்" என்று அக்கா பின்னாலிருந்து மேற்பார்வை பார்த்தார். பாதி தூரத்தில் வலது காலைப் பிடுங்கினேன். அது வரவில்லை. உடம்பு மட்டும் முன்னால் போனது. இரண்டு உள்ளங்கையும் இரண்டு முழங்காலும் பொத்தென்று சிமெண்டில் ஊன்ற, நாலு காலில் நின்றேன்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"எழுந்துக்காதீங்க தம்பி" என்றார் அக்கா. "தவழ்ந்துதான வரணும் கிருஷ்ணர்? இது இன்னும் விசேஷம். அப்படியே வாங்க."

வந்தேன். வேறு என்ன செய்வது? இரண்டு பிள்ளை பெற்றவன், ஆபீஸில் பத்துப் பேருக்கு மேலதிகாரி, என் வீட்டுக்கு நானே போட்ட தரையில், எஸ்தர் அக்காவும் பால்காரரும் பார்த்துக்கொண்டிருக்கத் தவழ்ந்து போய் நிலைப்படியில் ஏறினேன். அழுகையை மறந்த நித்யா உள்ளே ஓடி, மறுநாள் பூஜைக்கு வைத்திருந்த வெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, ஒரு விரலால் வழித்து என் வாயில் வைத்தாள். சுமதி அப்போதுதான் சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டாள். முட்டி எரிந்துகொண்டிருந்த எனக்கு அது ரசிக்கவில்லை.

அடுத்த வாரம் ஏழுமலை வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தார். "சார், இது இன்னா டிசைன்?" என்றார். சொன்னேன். பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை.

அந்தத் தரை இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் பல வருடம் அதைச் சுற்றிக் காட்டினார்கள்: "இது கிருஷ்ணர் போனது, இது அப்பா வந்தது, இது அப்பா விழுந்தது." சொந்தக்காரர்கள் வட்டாரத்தில் என் பெயர் தவழும் கண்ணன் என்றே நிலைத்துவிட்டது. மழை பெய்தால் என் முழங்கால் பள்ளங்களில்தான் தண்ணீர் நிற்கும், காக்கை வந்து குடிக்கும். நித்யாவின் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை முதல்முறை வீட்டுக்கு வந்தபோது, "மாமா கால் வெச்ச எடத்துலயே வெச்சு வாங்க, பாதிக்கு மேல வேணாம்" என்று அவரை எச்சரித்துத்தான் உள்ளே அழைத்தார்கள்.

இப்போது பரத் வெளிநாட்டில். நித்யா ஹைதராபாத்தில். போன கிருஷ்ண ஜெயந்திக்குச் சுமதி மாவுக் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்து, என் பத்தாம் நம்பர் பாதங்களிலும், உள்ளங்கைகளிலும், முழங்கால் பள்ளங்களிலும் மாவை நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த சின்னப் பாதங்களை அவள் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"வெளிய போற காலுக்கு எதுக்குங்க மாவு?" என்றாள். "அதுங்க தானாப் போகும். தவழ்ந்தாவது உள்ள வந்தது ஒரே ஆளுதான்."