லைட் இல்லாத ஆசாமி

குப்பைத் தொட்டியிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அது குப்பைத் தொட்டி என்பது சேல்ஸ் சாருக்குத் தெரிந்தது.

“மன்னிக்கணும் சார், உள்ளே வாங்க, என்ன பார்க்கறீங்க?” என்று கேட்டிருந்தார். கடை வாசலில் வருஷக்கணக்காக நின்று சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவர் நாக்கோடு ஒட்டிப்போயிருந்தது. பயந்தாலும் அதுதான் வரும், பதறினாலும் அதுதான் வரும். தொட்டி பதில் சொல்லாமல் உருண்டுபோய்ச் சுவரோரம் நின்றுகொண்டது.

அவர் எழுந்து, கூடவே விழுந்திருந்த சைக்கிளையும் தூக்கி நிறுத்தினார். நல்ல இருட்டு. தெருவில் விளக்குக் கம்பங்கள் வரிசையாக இருந்தன, எரிந்துதான் ரொம்ப நாளாயிற்று. சாப்பாட்டு நேரமாதலால் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள். சைக்கிளிலும் லைட் இல்லை. அதை அவரே கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். லைட் இருந்தால் பாதை தெரியும், வாஸ்தவம்தான். ஆனால் ஓட்டுகிற ஆசாமியையும் அல்லவா நாலு பேருக்குத் தெரிந்துவிடும்?

விஷயம் இதுதான். அந்த வட்டாரத்திலேயே பெரிய சைக்கிள் கடையில் விற்பனையைக் கவனிக்கிற சேல்ஸ் சாருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சைக்கிளைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். “இந்த சீட்ல உட்கார்ந்தீங்கன்னா எழுந்திரிக்கவே மனசு வராது” என்று உருகுவார். அவர் உட்கார்ந்ததே கிடையாது. கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன் என்று யாராவது கேட்டால், “நான் ஓட்டினா எனக்குப் பிடிச்சுடும், உங்களுக்கில்ல பிடிக்கணும்?” என்று ஹேண்டில்பாரை அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு நடந்தே போவார். “நாள் பூரா சைக்கிளோட மல்லுக்கட்டறோம், போறப்பவாவது காலாற நடப்போமே” என்பார். அடேயப்பா, எவ்வளவு எளிமையான மனுஷர் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். முதலாளிதான் கெடுத்தார்.

“தெருக்கோடியில புதுக் கிளை திறக்கறோம். மேனேஜர் நீங்கதான்” என்றார் ஒரு நாள் காலையில்.

சேல்ஸ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் என்றால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுழலும் நாற்காலி ஒன்று மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

“ஒரே ஒரு விஷயம். எங்கப்பா இந்தக் கடையைத் திறந்தப்போ சாவியை ஹேண்டில்பார்ல கட்டிக்கிட்டு, சைக்கிள்லயே வந்து இறங்கிப் பூட்டைத் திறந்தாரு. அதே மாதிரி இங்கேர்ந்து புதுக் கடைக்கு நீங்க சாவியோட ஓட்டிட்டு வரணும். ஞாயித்துக்கிழமை, இருட்டினப்புறம். நம்ம லைட்டெல்லாம் அப்பதானே எடுப்பா தெரியும்?”

“சைக்கிள்லயா?”

“பின்னே பல்லக்குலயா? உங்களுக்குச் சிரமம்னா சொல்லுங்க. என் மச்சினன் சும்மாதான் இருக்கான். அவனையே ஓட்டவும் சொல்லிடலாம், மேனேஜராவும் போட்டுடலாம்.”

“எனக்கா சிரமம்?” என்று சேல்ஸ் சார் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே புதிதாக இருந்தது.

கடைச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றிரவு ஆரம்பித்ததுதான் இந்த வித்தை. குப்பைத் தொட்டியை அடுத்து ஒரு கம்பத்திடமும், யாருடைய வீட்டுக் கேட்டிடமோ இரண்டு முறையும் “உள்ளே வாங்க” என்று கேட்டுக்கொண்டார். வீடு திரும்பியபோது மனைவி முழங்காலைப் பார்த்தாள்.

“நடக்கப் போறேன்னுதானே சொன்னீங்க? நடந்தா முழங்கால் எப்படி தேயும்?”

“வேகமா நடந்தேன்.”

அவள் போய் மருந்தை எடுத்துவந்தாள்.

மறுநாள் கடை திறந்ததுமே அந்தத் தெருவில் குடியிருக்கும் நர்ஸ் வந்து நின்றாள். “சார், எங்க தெருவுல ராத்திரி யாரோ லைட் இல்லாம சைக்கிள் ஓட்டறாங்க.”

குற்றவாளி தப்பிக்க ஒரே வழி, எல்லாரையும்விடக் கூடுதலாகக் கோபப்படுவது. சேல்ஸ் சார் கோபப்பட்டார்.

“லைட் இல்லாம ஓட்டறவன்லாம் ஒரு மனுஷனா? அவனுக்குக் குடும்பம் குட்டி இல்லையா? நீங்க ஜாக்கிரதையா இருங்க மேடம். இதோ இந்த பேட்டரி லைட்டைப் பாருங்க, மாட்டினா போதும், தெருவே பளிச்சுனு ஆயிடும்.”

“ரெண்டு குடுங்க” என்றாள் நர்ஸ். பிறகு அவரை உற்றுப் பார்த்தாள். “நெத்தியில என்ன சார்?”

“கதவு இடிச்சுடுச்சு.”

“தண்ணி படாம பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் நர்ஸ் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் தையல்காரம்மா வந்து மூன்று லைட் கேட்டாள். சேல்ஸ் சார் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் யோசித்தார். “ஏம்மா, உங்ககிட்ட சைக்கிளே இல்லையே?”

“சைக்கிள் இல்லாதவங்க லைட் வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

இல்லைதான். சைக்கிளே இல்லாதவளுக்கு மூன்று லைட் விற்றுவிட்டோமே என்று சேல்ஸ் சாருக்குத் தன்மேலேயே மரியாதை வந்துவிட்டது. மேனேஜர் வேலைக்கு நம்மைவிட்டால் யார் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த மரியாதை இருட்டும்வரைதான் தாங்கியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் திரும்பியவர் அப்படியே நின்றார். நர்ஸ் வீட்டுக் கேட்டில் ஒரு லைட், மாடிக் கைப்பிடியில் ஒன்று. தையல்காரம்மாவின் ஜன்னலில் மூன்றும் தெருவைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தன. அவர் கையாலேயே விற்ற வெளிச்சம் அவருடைய செருப்பு நுனிவரை வந்து நின்றது.

“யாரது?” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

சேல்ஸ் சார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓட்டமாக ஓடினார். ஏறி ஓட்டத் தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் தப்பித்திருக்கலாம்.

பின்தெருவுக்கு மாறினார். அங்கே இருட்டு நன்றாக, கெட்டியாக இருந்தது. பத்தடி விழாமல் போனார், பதினைந்தடி போனார், திடீரென்று உலகமே வெள்ளையாகிவிட்டது. சோப்பு வாசனை அடித்தது. செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும்போல, பரவாயில்லை, சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அப்புறம்தான் அது கொடியில் காயப்போட்ட படுக்கை விரிப்பு என்று புரிந்தது.

“மன்னிக்கணும் மேடம், உள்ளே வாங்க” என்றார் விரிப்புக்குள்ளிருந்து.

காலையில் அந்த விரிப்புக்குச் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கடைக்கு வந்தார். கூடவே அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர். “எங்க தெருவுலயும் லைட் இல்லாத ஆசாமி சுத்தறான்” என்றார்கள். சேல்ஸ் சார் மறுபடி கொதித்தார். இந்தத் தடவை மேஜையைக்கூடத் தட்டினார். முழங்கை வலித்ததால் மெதுவாகத் தட்டினார். அவர்களும் லைட் வாங்கிப் போனார்கள். ராத்திரி பின்தெருவும் பளபளவென்று ஆகிவிட்டது.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த லைட் பெட்டிகளெல்லாம் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தன. ‘லைட் இல்லாத ஆசாமி நடமாட்டம்! ஜாக்கிரதை! லைட் உள்ளே கிடைக்கும்’ என்று வாசலில் ஒரு போர்டு வைத்தார். அதை எழுதச் சொன்னது யாரை என்று சொல்ல வேண்டியதில்லை. சேல்ஸ் சாரின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

“அந்த ஆசாமி மட்டும் என் கையில கிடைச்சான்னா…” என்றார் முதலாளி.

“என்ன சார் பண்ணுவீங்க?”

“மாலை போடுவேன்யா!”

அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் ஆறுதலை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்ட முடியாதே. அவருக்கு வேண்டியது இருட்டு. பகலெல்லாம் நின்று அவரே இருட்டை விற்றுத் தீர்த்துக்கொண்டிருந்தார். விற்காமல் இருக்கவும் வாய் விடவில்லை. யாராவது லைட் என்று வாயெடுத்தால் போதும், மற்றதை நாக்கு பார்த்துக்கொண்டது.

அன்று வீட்டுக்குப் போனால் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு லைட் தொங்கியது.

“நீயுமா?” என்றார் மனைவியிடம். குரல் உடைந்துவிட்டது.

“யாரோ லைட் இல்லாம சுத்தறானாமே. நீங்க சாப்பிடப் போயிருந்தப்போ உங்க கடையிலதான் வாங்கினேன். நடக்கப் போறப்போ இந்த டார்ச்சையும் எடுத்துட்டுப் போங்க.”

“எனக்கெதுக்கு டார்ச்?”

“வேகமா நடக்கறீங்களே, அதுக்கு” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கடைசியில் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியது. வீடுகளையெல்லாம் தாண்டி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த விளையாட்டு மைதானம். அங்கே லைட் மாட்டச் சுவரும் இல்லை, ஜன்னலும் இல்லை. சனிக்கிழமை ராத்திரி டார்ச்சை ஒரு புதரடியில் வைத்துவிட்டு, சேல்ஸ் சார் மைதானத்தின் நடுவில் சைக்கிளோடு நின்றார். விடிந்தால் ஞாயிறு. முதலாளியின் மச்சினன் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பது கண்முன் வந்துபோனது.

கால் வைத்தார், அழுத்தினார். விழவில்லை.

விழாதது அவருக்கு உடனே தெரியவில்லை. தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அந்த இருட்டில் ஒன்றும் புரியவில்லை. புல் நனைந்திருந்தது, சக்கரம் சத்தமே போடவில்லை. காதோரம் காற்று எதையோ சொல்லிக்கொண்டே வந்தது. முட்டுவதற்கு ஒன்றுமில்லை, பார்ப்பதற்கும் ஒருவரில்லை. தான் ஓட்டுகிறோமா, நின்ற இடத்தில் நிற்க மைதானம்தான் மெல்லச் சுற்றுகிறதா என்று சந்தேகம் வந்தது. எதுவாக இருந்தால் என்ன? சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திரிக்கவே மனசு வராது என்று இத்தனை காலம் சொல்லி வந்தது பொய்யில்லை என்று தெரிந்ததும், அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இருட்டில் அழுதுகொண்டே இன்னொரு சுற்று வந்தார். பெல்லை ஒரு தடவை, சும்மா ஆசைக்கு, அடித்துப் பார்த்தார். தூரத்தில் எங்கோ அது போய்க் கரைந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் முதலாளி சாவியை ஹேண்டில்பாரில் ரிப்பன் போட்டுக் கட்டினார். சைக்கிளின் முன்னும் பின்னும் லைட், சக்கரத்தில்கூட லைட். “கிளம்புங்க!” என்று சொல்லிவிட்டு முன்னால் போய்ப் புதுக் கடை வாசலில் நின்றுகொண்டார்.

சேல்ஸ் சார் ஏறினார். தெருவுக்குள் திரும்பியதும் பிரேக்கைத் தேடினார்.

இருபக்கமும் ஜனங்கள். ஆளுக்கொரு லைட்டோடு வாசலில் நின்றார்கள். நர்ஸ், கணக்கு வாத்தியார், பின்தெருக்காரர்கள், கடைசியில் அவர் மனைவி. அத்தனையும் அவர் விற்றவை. பட்டப்பகல் தோற்றது. வெளிச்சத்தில் அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை. இப்போது எல்லாமே தெரிந்தது. முட்டக்கூடிய கம்பம், முட்டக்கூடிய கேட், பழைய சிநேகிதமான குப்பைத் தொட்டி. ஒவ்வொன்றும் தெரியத் தெரிய ஹேண்டில்பார் ஒழுங்காக அதைப் பார்த்தே திரும்பியது.

வேறு வழி தெரியாமல் சேல்ஸ் சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

உடனே மைதானம் வந்துவிட்டது. புல்லும் காற்றும் வந்துவிட்டன. சைக்கிள் தானாக நிமிர்ந்து வழுக்கிக்கொண்டு போனது. “லெஃப்ட்ல கொஞ்சம்” என்று ஒரு குரல் கேட்டது. அசரீரி என்று நினைத்து லெஃப்டில் கொஞ்சம் வந்தார். “நேரா, நேரா” என்றது இன்னொரு குரல். நேராகப் போனார். கனவில் போகிறவருக்குப் போகுமிடம் பற்றி என்ன கவலை?

எதன்மேலோ மெத்தென்று மோதி நின்றார்.

“மன்னிக்கணும் சார், உள்ளே வாங்க, என்ன பார்க்கறீங்க?”

கைதட்டல் காதைப் பிளந்தது. கண்ணைத் திறந்தார். புதுக் கடை வாசலில், முதலாளியின் தொப்பைக்கு முன்னால் நின்றிருந்தார்.

“பாத்தீங்களா! வந்து இறங்கறப்பவே வியாபாரம்!” என்று முதலாளி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “அனுபவம்னா இதுதான்யா! கண்ணை மூடிட்டே ஓட்டறாரு!” மச்சினன் முகம் தொங்கிப்போய்ப் பின்வரிசைக்கு நகர்ந்தான்.

பூட்டு திறந்தது. சுழல் நாற்காலி உள்ளே காத்திருந்தது. சேல்ஸ் சார் அதில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றபோது எதிரே தையல்காரம்மா நின்றிருந்தாள். தன்னுடைய மூன்று லைட்டையும் மேஜைமேல் வைத்தாள்.

“இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா சார்?”

மேனேஜராகி முதல் நிமிஷமே புகாரா என்று அவருக்குக் கவலை வந்தது. “ஏம்மா, சரியா எரியலையா?”

“நல்லா எரியுது சார், இனிமே வேலைதான் இல்ல. குப்பைத் தொட்டியைப் போய் ‘உள்ளே வாங்க’ன்னு கூப்பிடற குரல் யாரோடதுன்னு மொத நாளே தெரிஞ்சு, பாவம் மனுஷன் எங்கயாவது முட்டிக்கப் போறாரேன்னு தெருவே சேர்ந்து உங்களுக்காகத்தான் லைட் வாங்கி மாட்டினோம், நீங்க என்னடான்னா வெளிச்சத்தைக் கண்டாலே அடுத்த தெருவுக்கு ஓடிட்டீங்க!”