நடுத்திட்டின் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்

எந்த வரைபடத்தில் தேடினாலும் அகப்படாத மணற்பாடி நாட்டில், மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டு அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். குணபாலர்தான் எப்போதும் வெல்வார். குடிகளின் விவரமெல்லாம் அரண்மனையில் ஒரு மென்பொருளில் இருந்தது. வணிகர்கள் வாடிக்கையாளர்களைத் தக்கவைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் மென்பொருள் அது. அதை வாங்கிய நாள்முதல் அரசாணைகளிலும் குடிகள் வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

ஆற்றின் நடுவே இருந்த ஊர் நடுத்திட்டு; ஒருபுறம் தலைநகர்க் கரை, மறுபுறம் வேற்று நாடு. அதன் ஒரே பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றபோது, சொர்ணத்தாயின் மருமகள் செண்பகம் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மகன் வெளியூரில் வேலையில் இருந்தான். மருத்துவமனை தலைநகர்க் கரையில். ஊரில் பரிசல் ஓட்டும் மாடப்பனோ, ஆறு இப்படிச் சுழிக்கையில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றமாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். சொர்ணத்தாய் அரண்மனைக்குத் தொலைபேசியில் புகார் சொன்னாள்.

அப்போதுதான் அமைச்சர் நற்றுணையார் அந்த மென்பொருளோடு ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை இணைத்து, 'நலம்விரும்பி' என்று பெயரிட்டு, மேளதாளத்தோடு தொடங்கிவைத்திருந்தார். இனி எல்லாப் புகாரையும் அதுவே கேட்கும், அதுவே பதில் சொல்லும், அதுவே முடித்துவைக்கும் என்று ஆணை பிறந்தது.

"சொர்ணத்தாய் அவர்களே, உங்கள் வேதனை எங்களுக்கு நன்றாகப் புரிகிறது" என்றது நலம்விரும்பி, தேன் குழைத்த குரலில்.

"புரிஞ்சா சரி. பாலத்த எப்பக் கட்டுவீங்க?"

"அருமையான கேள்வி! உங்கள் புகாருக்குப் பதில் அளித்துவிட்டோம். நன்றி."

பதில் அளித்தாகிவிட்டதால் புகார் தீர்ந்ததாகப் பதிவானது. அவள் மறுபடி அழைத்தாள், மறுபடி தீர்ந்தது. அடிக்கடி அழைப்பவர்கள் அரசின்மேல் பற்று மிக்கவர்கள் என்று அடுத்த ஆணை வந்தது. சொர்ணத்தாய்க்குப் 'பேரன்பு வாடிக்கையாளர்' என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் வந்த அன்று செண்பகத்தின் கால்கள் வீங்கியிருந்தன.

பொறுக்கமாட்டாமல் சொர்ணத்தாய் தான் மட்டும் பரிசலேறித் தலைநகருக்குப் போனாள். நற்றுணையார் திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயர் பச்சைப் பசேலென்று இருந்தது.

"பாருங்கள் அம்மையே, தாங்கள் நிறைவோடு இருக்கிறீர்கள்."

"நான் எங்கய்யா நிறைவா இருக்கேன்? வயித்துப்புள்ளக்காரிய வீட்டுல வச்சுக்கிட்டு நெருப்புல நிக்கிறேன்!"

"அது தங்கள் கருத்து. நாங்கள் தரவுகளின்படி நடக்கிறோம்."

"உங்க கண்ணு முன்னாடி வந்து நிக்கிறேனே, அது தெரியலையா?"

"நிற்கலாம். ஆனால் பதிவில் இல்லையே" என்றார் அமைச்சர், வருத்தத்தோடு.

வாசலில் எழுத்தர் வரதப்பன் அவளை ஓரமாக அழைத்தான். "நான் புகாரத் திறந்தா நலம்விரும்பி மூடிடுதும்மா. இந்த நாட்ட விட்டே போறோம்னு யாராச்சும் சொன்னாத்தான் அதுக்குப் பதறும். ஊரோட சொல்லிப் பாருங்க."

ஊரே அப்படிச் சொன்னது. "பக்கத்து நாட்டுக்குப் போறோம்" என்று வீட்டுக்கு வீடு அழைத்துச் சொன்னார்கள். அரண்மனைத் திரையில் நடுத்திட்டு சிவந்தது. குணபாலர் பதறியடித்து அமைச்சரவையைக் கூட்டினார். பாலம் வந்துவிடும் என்று சொர்ணத்தாய் முதன்முறையாக நம்பினாள்; செண்பகத்துக்கும் சொல்லித் தேற்றினாள்.

நலம்விரும்பி எல்லாப் பதிவுகளையும் அலசிப் பார்த்து, தன் ஆலோசனையைச் சொன்னது: "வெளியேற விரும்புகிறார்கள். ஆனால் வெளியேறப் பாலம் இல்லை. எனவே ஆபத்தும் இல்லை. பாலம் கட்டாமல் இருப்பதே நலம்."

"என்ன நுட்பம்!" என்று நற்றுணையார் நெகிழ்ந்துபோனார்.

உடைந்த பாலத்தை யாரும் சரிசெய்யக் கூடாது என்று ஆணை வந்தது. தலைநகர்க் கரையில் காவலர்கள் நிறுத்தப்பட்டார்கள். முணுமுணுப்புள்ள மற்ற ஊர்களின் பாலங்களையும் இடிக்கச் சொன்னார்கள். வெளியேறாதவர்கள் அனைவரும் விரும்பியே தங்கியிருப்பதால், அவர்களின் ஓட்டை நலம்விரும்பியே போட்டுவிடும் என்பது கடைசி ஆணை.

அந்த ஆணையைப் பறையறைந்த காலையில் செண்பகத்துக்கு வலி எடுத்தது. தலைநகர்க் கரையில் காவலர்கள். அந்தப் பக்கம் அகன்ற ஆறு, அதற்கப்பால் வேற்று நாடு. சொர்ணத்தாய் மாடப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளுப்பா. போனா மூணு பேரும் போவோம்."

மாடப்பன் துடுப்பை எடுத்தான். பரிசல் சுழன்றது, தண்ணீர் ஏறியது. சொர்ணத்தாய் ஒரு கையால் மருமகளை அணைத்துக்கொண்டு மறுகையால் நீரை இறைத்தாள். கரை சேர்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம், வேற்று நாட்டு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. மாடப்பன் திரும்பிப் போய் அடுத்த வீட்டாரை ஏற்றிவந்தான்; பிறகு அதற்கடுத்த வீட்டாரை. மென்பொருளில் பாலத்துக்கு இடம் உண்டு, பரிசலுக்கு இல்லை. அதனால் நடுத்திட்டு காலியானது அரண்மனைக்குத் தெரியவே இல்லை.

தேர்தல் முடிந்தது. குணபாலர் வென்றார். ஆளில்லாத நடுத்திட்டில் ஓட்டுப்பதிவு முழுமையாக நடந்திருந்தது.

சொர்ணத்தாயின் தொலைபேசிக்கு வாழ்த்துச் செய்தி வந்தது. அவள் அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை செண்பகம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தே சொல்றாங்க?"

"நாம ஓட்டுப் போட்டதுக்கு நன்றியாம்."

"நாம எங்க போட்டோம்?"

"எல்லாரும் போட்டிருக்கோம்டி" என்றாள் சொர்ணத்தாய். "உன் மடியில கெடக்குறாளே, இவளும் போட்டிருக்கா."